நாய் ஓடிய மைதானம்: லண்டன் ஒயிட் சிட்டியின் கதை

 

சில மாதங்களுக்கு முன் நைட் டியூட்டி. அதிகாலை நாலு மணி இருக்கும். "மருந்து குடிச்சிட்டான் சார்"னு ஒரு தம்பியைத் தூக்கிட்டு வந்தாங்க. வயசு இருபத்தி சொச்சம். (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கேன்.) வயிற்றைக் கழுவி, ட்ரிப்ஸ் போட்டு, மானிட்டர் மாட்டி, ஒரு நிலைக்குக் கொண்டு வந்த பிறகு அவங்க அக்காவிடம் காரணம் கேட்டேன். போனை நீட்டினாங்க.

ரம்மியா இருக்கும்னு நினைச்சேன். இல்லை. நாய் ரேஸ்!

எங்கேயோ ஒரு ஊரில், வெளிச்சம் கொட்டுற மண் தரையில், ஆறு நாய்கள் கலர் கலரா சட்டை போட்டுக்கிட்டு ஓடுது. முப்பது செகண்டில் முடிஞ்சிடுது. கால் மணி நேரத்தில் அடுத்தது. நள்ளிரவு ஒரு மணி, ரெண்டு மணின்னு வரிசையா பந்தயம் கட்டியிருக்கான். பக்கத்தில் பவுண்ட் கணக்கு, ஊர்ப் பேர் எல்லாம் இங்கிலாந்து. நமக்கு ராத்திரி ரெண்டு மணின்னா அவங்களுக்கு சாயங்காலம் எட்டரை, ஒன்பதரை.

ஒரு நாயை நேரில் பார்த்ததில்லை, அந்த ஊர் எங்கே இருக்குன்னு தெரியாது. அதில் போச்சு இவன் சம்பளம், அக்கா நகை.

இது எங்கே ஆரம்பிச்சதுன்னு தேடிப் போனதில் கிடைத்ததுதான் ஒயிட் சிட்டி மைதானத்தின் கதை. எனக்கே ஆச்சரியம், அந்தக் கதை ஒரு டாக்டரில் இருந்துதான் தொடங்குது.

1908. லண்டனில் ஒலிம்பிக். அதுக்காக மேற்கு லண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் கட்டின அரங்கம்தான் இது. 68,000 பேர் உட்காரலாம். நடுவிலேயே 100 மீட்டர் நீச்சல் குளம்! பக்கத்தில் நடந்த பொருட்காட்சிக் கட்டடங்கள் எல்லாம் வெள்ளை வெளேர்னு இருந்ததால் அந்த ஏரியாவுக்கே "ஒயிட் சிட்டி"ன்னு பேர் நின்னுபோச்சு.

ஜூலை 24, மாரத்தான். இத்தாலிக்காரர் டொராண்டோ பியட்ரி முதல் ஆளா அரங்கத்துக்குள் வர்றார். ஆனா சுயநினைவே சரியா இல்லை. தப்பான திசையில் திரும்புறார். விழுறார், எழுறார், மறுபடி விழுறார். கடைசி சில நூறு மீட்டரைக் கடக்க கிட்டத்தட்ட பத்து நிமிஷம். மருத்துவ அதிகாரி டாக்டர் மைக்கேல் புல்கர் உள்ளிட்டவங்க கைத்தாங்கலா பிடிச்சு எல்லைக்கோட்டைத் தாண்ட வெச்சாங்க. உதவி வாங்கினதால் தகுதி நீக்கம். தங்கம் அமெரிக்காவின் ஜானி ஹேய்ஸுக்குப் போச்சு.

வெயிலில் நீர்ச்சத்து வற்றி மூளை தடுமாறும் நிலைன்னுதான் எனக்குத் தோணுது. புல்கர் இடத்தில் நான் இருந்தாலும் பிடிச்சிருப்பேன். பதக்கமா உயிரான்னு யோசிக்கவா முடியும்? மறுநாள் ராணி அலெக்ஸாண்ட்ரா டொராண்டோவுக்குத் தனியா ஒரு கோப்பை கொடுத்தாங்க. ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கோனன் டாயில் (அவரும் நம்ம மாதிரி டாக்டர்தான்) இவருக்காக நிதி திரட்ட முன்னால் நின்றார். இன்றைக்கு உலகம் பூரா மாரத்தான் 42.195 கிலோமீட்டர்னு இருக்கே, அந்தக் கணக்கு இந்த ஒயிட் சிட்டி ஓட்டத்தில் இருந்து வந்ததுதான்.

ஒலிம்பிக் முடிஞ்சது. அவ்வளவு பெரிய அரங்கம் ஏறத்தாழ இருபது வருஷம் சரியான பயன் இல்லாமல் கிடந்தது. அரசாங்கப் பணத்திலோ பொருட்காட்சிப் பணத்திலோ பிரம்மாண்டமா ஒன்றைக் கட்டிட்டு அப்புறம் முள்செடி முளைக்க விடுறது நம்ம ஊர் பழக்கம் மட்டும் இல்லை போல.

சரி, நாய் எப்ப வந்தது?

கிரேஹவுண்ட் தெரியாதவங்களுக்கு: நம்ம சிப்பிப்பாறை, கன்னி நாய்களைப் பார்த்திருப்பீங்களே, அதே உடல்வாகு. ஒட்டின வயிறு, ஆழமான மார்பு, நீண்ட கால். மோப்பத்தை விட கண்ணால் பார்த்துத் துரத்துற ஜாதி. இங்கிலாந்தில் பண்ணையார்கள் நிஜ முயலை விட்டு, ரெண்டு நாயைத் துரத்த விட்டுப் பந்தயம் கட்டுவாங்க. அது கிராமத்துப் பணக்காரங்க விளையாட்டு. நகரத்துத் தொழிலாளிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

1876லேயே லண்டன் ஹெண்டன் பகுதியில் ஒரு பொம்மை முயலை இயந்திரத்தால் இழுத்து நாய்களை ஓட விட்டுப் பார்த்தாங்க. ஆனா நேர்கோட்டு ஓட்டம். நேர்கோட்டில் வேகமான நாய்தான் எப்பவும் ஜெயிக்கும். அதில் என்ன சுவாரஸ்யம்? எடுபடலை.

அமெரிக்காவில் ஓவன் பேட்ரிக் ஸ்மித்னு ஒருத்தர். நிஜ முயல் சாகிறதைப் பார்க்கப் பொறுக்காமல், வட்டப் பாதையில் மின்சாரத்தில் ஓடும் பொம்மை முயலை உருவாக்கினார். 1919ல் கலிஃபோர்னியாவின் எமரிவில்லில் அதை வெச்சு ஒரு பந்தயத் திடல் ஆரம்பிச்சார். வளைவு வந்ததும் எல்லாம் மாறிடுச்சு. உள்பக்கம் ஓடும் நாய், வெளிப்பக்கம் ஓடும் நாய், மோதல், தடுமாற்றம்... யார் ஜெயிப்பாங்கன்னு சொல்ல முடியாது. பந்தயம் கட்ட அதுதானே வேணும்! ஒரு உயிர் மேல் இரக்கப்பட்டுச் செஞ்ச கருவி அது. என்னவா ஆச்சுன்னு பார்த்துக்கிட்டே வாங்க.

அந்த உரிமையை அமெரிக்கர் சார்ல்ஸ் மன் இங்கிலாந்துக்குக் கொண்டு வந்தார். பிரிகேடியர் ஜெனரல் கிரிட்ச்லி கூட்டாளி. 1926 ஜூலை 24, மான்செஸ்டர் பெல் வூவில் முதல் பந்தயம். (டொராண்டோ விழுந்த அதே ஜூலை 24, பதினெட்டு வருஷம் கழிச்சு. சும்மா ஒரு தகவல்.) முதல் நாள் வந்தது சுமார் 1,700 பேர். சில வாரத்தில் கூட்டம் பத்தாயிரத்தைத் தாண்டிடுச்சு.

அவங்க கண்ணில் பட்டது லண்டனில் சும்மா கிடந்த ஒலிம்பிக் அரங்கம். 1927 ஜூன் 20, ஒயிட் சிட்டியில் நாய் ரேஸ் தொடங்கியது. அதே வருஷம் இங்கிலீஷ் கிரேஹவுண்ட் டெர்பியின் முதல் போட்டியும் அங்கேதான். ஜெயிச்ச நாய் பேர் என்ட்ரி பேட்ஜ். 1927 ஒரே வருஷத்தில் நாடு முழுக்க ஐம்பத்தைந்து லட்சம் பேர் நாய் ரேஸ் பார்த்தாங்க.

ஏன் இவ்வளவு கூட்டம்? நாய்ப் பாசமா? இல்லை. காரணம் சட்டத்தில் இருக்கு. 1906ல் ஒரு சட்டம் வந்தது. தெருவில் காசு கொடுத்துப் பந்தயம் கட்டினா குற்றம். ஆனா புக்கியிடம் கணக்கு வெச்சு, போனிலோ கடிதத்திலோ கடன் சொல்லிக் கட்டினா குற்றம் இல்லை! போன் யார் வீட்டில் இருந்தது? கடன் யாருக்குக் கிடைக்கும்? பணக்காரன் நாற்காலியில் உட்கார்ந்து கட்டினா பொழுதுபோக்கு, மூட்டை தூக்குறவன் முச்சந்தியில் கட்டினா போலீஸ் கேஸ்.

பந்தயத் திடலுக்குள்ளே காசு கட்டலாம், அதுக்குத் தடையில்லை. ஆனா குதிரை ரேஸ் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, பகலில், வேலை நாளில். ஒரு நாள் கூலி போயிடும். நாய் ரேஸ் அப்படி இல்லை. ஊருக்குள்ளேயே. வேலை முடிஞ்சு ராத்திரி, ட்ராமில் ஏறிப் போய், பளிச்சுன்னு மின் விளக்கில் பார்த்துட்டு, பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்திடலாம். ஏழைக்குச் சட்டப்படி காசு கட்ட பக்கத்தில் கிடைத்த ஒரே இடம் அதுதான். பாதிரியார்கள் திட்டினாங்க, பத்திரிகைகள் திட்டின, நாடாளுமன்றத்தில் பேசினாங்க. கூட்டம் குறையலை.

இந்த நேரத்தில்தான் ஒரு ஹீரோ வந்தான். நாலு கால் ஹீரோ.

மிக் த மில்லர். அயர்லாந்தில் ஒரு கிராமத்துப் பாதிரியார், ஃபாதர் மார்ட்டின் பிராஃபி வளர்த்த குட்டி. குட்டியிலேயே டிஸ்டெம்பர் வந்து சாகக் கிடந்தது. இந்த டிஸ்டெம்பர் வைரஸ் யார் தெரியுமா? நம்ம தட்டம்மை வைரஸின் பங்காளி, ஒரே குடும்பம். டப்ளினில் ஒரு கால்நடை மருத்துவர் பக்கத்தில் இருந்து பார்த்துப் பிழைக்க வெச்சார்.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லாம விட மனசில்லை. அதே 1920களில் லண்டனில் லெய்ட்லா, டன்கின் என்ற ரெண்டு விஞ்ஞானிகள் நாய் டிஸ்டெம்பருக்குத் தடுப்பூசி தேடிக்கிட்டிருந்தாங்க. அதுக்காக ஃபெர்ரட்னு ஒரு கீரி மாதிரியான பிராணியை ஆய்வகத்தில் வளர்த்தாங்க. 1933ல் அந்த ஃபெர்ரட்டில்தான் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூவரும் மனித இன்ஃப்ளூயன்ஸா வைரஸை முதன்முதலா பிரிச்சு எடுத்தாங்க. நாய்க்குப் போன காசு நமக்கு ஃப்ளூவைக் காட்டிக் கொடுத்தது.

மிக்கிடம் வருவோம். 1929ல் ஒயிட் சிட்டிக்கு வந்தது. டெர்பி தகுதிச் சுற்றில் 525 கெஜத்தை 29.82 செகண்டில் ஓடி, முப்பது செகண்டுக்குள் ஓடிய முதல் நாய் ஆனது. ஓனர் பாதிரியார் அங்கேயே 800 கினிக்கு ஒரு புக்கிக்கு வித்துட்டார். இறுதிப் போட்டியில் நாய்கள் மோதிக்க, "செல்லாது"ன்னு அறிவிச்சாங்க. கொஞ்ச நேரத்தில் மறு ஓட்டம், மிக் ஜெயிச்சது. 1930லும் மிக்தான். 1931 இறுதியிலும் முதலில் வந்தது. ஆனா வேறொரு நாய் சண்டை போட்டதால் அந்த ஓட்டம் செல்லாதுன்னாங்க. வயசான நாய், மறுபடி ஓடித் தோத்தது. 1929ல் கொடுத்ததை 1931ல் திருப்பி எடுத்துக்கிச்சு ஒயிட் சிட்டி. பிறகு 1934ல் மிக் சினிமாவிலும் நடிச்சது. 1939ல் செத்தது. உடலைப் பதப்படுத்தி வெச்சிருக்காங்க, டிரிங் ஊரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றைக்கும் பார்க்கலாம்.

டாக்டர் எழுதுறதால் கொஞ்சம் மருத்துவம். கிரேஹவுண்ட் உடம்பு ஒரு விசித்திரம். நமக்கு ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 40-50 சதவீதம்னா, அதுக்கு 50-க்கும் 65-க்கும் நடுவில். அதனால் மற்ற நாய்களுக்கு ரத்த தானம் செய்ய இதைத்தான் தேடுவாங்க. உடம்பில் கொழுப்பே கிடையாது. தயோபென்டோன் மயக்க மருந்து கொடுத்தா மற்ற நாய்களை விட ரொம்ப நேரம் கழிச்சுத்தான் எழும். ஃபார்மகாலஜி படிச்சவங்களுக்குப் புரியும், மருந்து போய் ஒதுங்கக் கொழுப்பு வேணுமே.

அடுத்தது எலும்பு. பந்தயத்தில் எப்பவும் இடப்பக்கமாவே, கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் வளைஞ்சு ஓடணும். ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும்போது பாரம் முழுக்க வலது பின்னங்கால் கணுவில் விழும். அங்கே ஒரு சின்ன எலும்பு நொறுங்கிப் போறது பந்தய நாய்களுக்கே உரிய காயம். பார்வையாளனுக்குச் சுவாரஸ்யம் தந்த அதே வளைவுதான் நாய் காலை ஒடிச்சது.

ஒயிட் சிட்டி உச்சத்துக்கு வந்தது 1930கள். 1934ல் பிரிட்டிஷ் எம்பயர் கேம்ஸ் தடகளம் இங்கே நடந்தது. இன்றைய காமன்வெல்த் போட்டியின் முன்னோடி. இந்தியா முதல் முறை கலந்துகொண்டதும் அப்போதுதான். அதே வருஷம் வந்த சட்டம் நாய் திடல்களில் டோட் இயந்திரத்தை அனுமதிச்சது. எல்லார் காசும் ஒரே பானையில் விழும், நிர்வாகம் அதில் தன் பங்கை எடுத்துக்கும், மிச்சத்தை ஜெயிச்சவங்க பிரிச்சுக்கணும். எந்த நாய் ஜெயிச்சாலும் பானை வெச்சிருக்கிறவன் தோக்கவே மாட்டான். 1939 டெர்பி இறுதிக்கு 92,000 பேர்! ஒரு நாய்ப் போட்டிக்கு!

போர் முடிஞ்ச 1946ல் நாடு முழுக்க மூணு கோடிக்கும் மேல் டிக்கெட். கையில் காசு இருக்கு, கடையில் வாங்கப் பொருள் இல்லை, எல்லாத்துக்கும் ரேஷன். வேற எங்கே போவான்? 1945 டிசம்பரில் ஒயிட் சிட்டியிலேயே ஒரு கும்பல் நாய்களுக்கு மருந்து கொடுத்து, அதுங்க தள்ளாடித் தள்ளாடி ஓட, மருந்து படாத நாய் மேல் கட்டினவங்க அள்ளிட்டுப் போன கதையும் நடந்தது. ஸ்காட்லாந்து யார்டு வரை போன விவகாரம். 1950ல் வந்த தி ப்ளூ லேம்ப் படத்தில் கொலைகாரனைத் துரத்திப் பிடிக்கிற உச்சக்கட்டம் இந்தத் திடலில் எடுத்ததுதான்.

அப்புறம் இறக்கம். 1947 குளிரில் நிலக்கரித் தட்டுப்பாடு, வாரக்கணக்கில் நாய் ரேஸுக்குத் தடை. அடுத்து டோட் பந்தயத்துக்கு 10 சதவீத வரி. இதில் என்ன கொடுமைன்னா, குதிரை ரேஸ் டோட்டுக்கு அந்த வரி கிடையாது! சீமான்கள் விளையாட்டுக்கு விலக்கு, தொழிலாளி விளையாட்டுக்கு வரி. 1906ல் பார்த்த அதே புத்தி.

பெரிய அடி 1961 மே மாதம். ஊருக்குள் பந்தயக் கடைகளைச் சட்டம் அனுமதிச்சது. தெரு முனையில் காசு கட்டலாம்னா, மழையில் ஏன் திடலுக்குப் போகணும்? ஒயிட் சிட்டி வாழ்ந்ததே "வேறெங்கும் கட்ட முடியாது" என்ற ஒரு ஓட்டையை நம்பித்தான். ஓட்டையை அடைச்சதும் காற்று இறங்கிடுச்சு. இதுக்கு நடுவில் வீட்டுக்கு வீடு டிவி வேறே.

ஆனாலும் 1966 வரை மிடுக்கு குறையலை. உலகக் கோப்பை கால்பந்து இங்கிலாந்தில். ஜூலை 15 வெள்ளிக்கிழமை, உருகுவே - பிரான்ஸ் ஆட்டம் வெம்ப்ளியில் நடந்திருக்கணும். வெம்ப்ளிக்காரர் "வெள்ளிக்கிழமை எங்க நாய் ரேஸ் நாள், தள்ளி வைக்க முடியாது"ன்னுட்டார். உலகக் கோப்பை ஆட்டம் ஒயிட் சிட்டிக்கு மாறியது! உருகுவே 2-1ல் ஜெயிச்சது. நாய்க்காக உலகக் கோப்பை ஒதுங்கி நின்ன ஒரே நாள் அதுவாத்தான் இருக்கும்.

அதுக்கப்புறம் திடல்களை வெச்சிருந்த கம்பெனிக்கே, ஓடுற நாயை விட அது ஓடுற நிலம்தான் பெருசாத் தெரிஞ்சது. ரியல் எஸ்டேட்டில் இறங்கினாங்க, 1970களில் நில விலை சரிஞ்சதும் கடனில் மூழ்கினாங்க. கடனை அடைக்க ஒவ்வொரு திடலா வித்தாங்க. 1984 செப்டம்பர் 22, ஒயிட் சிட்டியில் கடைசிப் பந்தயம். மறு வருஷம் இடிச்சுட்டாங்க.

வாங்கினது யார் தெரியுமா? பிபிசி! 1960ல் இருந்தே பக்கத்தில் டிவி நிலையம் நடத்தினவங்க. டிவி முதலில் கூட்டத்தை எடுத்துக்கிச்சு, அப்புறம் நிலத்தையும். ஒலிம்பிக் எல்லைக்கோடு இருந்த இடத்தைத் தரையில் ஒரு அடையாளமா மட்டும் விட்டு வெச்சிருக்காங்க. நாய்கள் ஓடின பாதைக்குத் தடயம் இல்லை.

டெர்பி விம்பிள்டன் போச்சு. 2017ல் அதையும் மூடினாங்க, அங்கே இப்போ கால்பந்து மைதானம். முதல் திடலான பெல் வூ 2020ல் முடிஞ்சது. ஒரு காலத்தில் லண்டனில் மட்டும் ரெண்டு டஜனுக்கு மேல் இருந்தது, இன்றைக்கு ரோம்ஃபோர்டு ஒன்றுதான். நாய் நலத்துக்காகக் குரல் கொடுக்கிறவங்க பலம் கூடிடுச்சு. 2018ல் இருந்து காயக் கணக்கை வெளியிடுறாங்க, வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில். நாலைஞ்சு வயசில் ஓட்டம் முடிஞ்ச நாய் மிச்ச ஆறேழு வருஷம் எங்கே போகும்னு முன்னே யாரும் கேட்கலை, இப்போ கேட்கிறாங்க. நியூசிலாந்து 2024 டிசம்பரிலும், வேல்ஸ் 2025 பிப்ரவரியிலும் தடை செய்யப் போறதா அறிவிச்சிருக்காங்க.

அப்போ மிச்சம் இருக்கிற திடல்கள் எப்படி ஓடுது? கூட்டத்தால் இல்லை. பல பந்தயங்கள் காலையிலும் மதியமும் காலி இருக்கைகளுக்கு முன்னால் நடக்குது. கேமரா மட்டும் இருக்கும். அந்தப் படம் பந்தயக் கடைகளுக்கும், அங்கிருந்து போன்களுக்கும் போகும். ஒயிட் சிட்டியில் தோத்தவன் கூட நாலு நண்பர்களோடு பியர் குடிச்சுட்டு, கையில் இருந்த காசு தீர்ந்ததும் வீட்டுக்கு வந்தான். கடைசி ட்ராமுக்கு ஓடியாகணும். மூடுற நேரம்னு ஒன்று இருந்தது. வருஷத்துக்கு 104 நாள்தான் பந்தயம்னு 1934 சட்டமே வரம்பு வெச்சிருந்தது. போனுக்கு ஏது கடைசி ட்ராம்?

நம்ம மாநிலத்தில் ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடைச் சட்டம் இருக்கு. அந்தத் தம்பி போனில் அந்த ஆப் இருந்தது.

அவனுக்கு என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. பிழைச்சுக்கிட்டான். ஐந்தாம் நாள் ரவுண்ட்ஸில், ஒயிட் சிட்டி பற்றி நான் படிச்சதைக் கொஞ்சம் சொன்னேன். கேட்டுட்டு, "அந்த நாய்ங்களுக்கு அடிபடும்னு எனக்குத் தெரியாது சார்"ன்னான். அவ்வளவுதான் சொன்னான். டிஸ்சார்ஜ் பண்ணும்போது மனநலப் பிரிவு ஓபி சீட்டும் சேர்த்துக் கொடுத்தோம். மூணு வாரம் வந்திருக்கான், நாலாவது வாரம் வரலை. அக்கா நம்பருக்கு நர்ஸ் சிஸ்டர் கூப்பிட்டிருக்காங்க, வேலைக்குப் போயிருக்கான், அடுத்த வாரம் கூட்டிட்டு வர்றேன்னு சொன்னாங்களாம்.

வீட்டில் இப்படி யாராவது இருந்தா 104-க்குக் கூப்பிட்டுப் பேசுங்க. இல்லைன்னா பக்கத்து அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு நேரே போங்க. சீட்டு வாங்கக் காசு கிடையாது.